முக்காடு போட்ட ஸ்கோப்

…இல்ல தம்பி, நீ பேசாத. மூணு மணி நேரம் மலை இறங்கி வந்திருக்கேன், முதல்ல நான் கொட்டி முடிச்சிடறேன். இந்தா உன் ஸ்கோப்பு. துப்பாக்கியோடவே கொண்டாந்துட்டேன், நீயே கழட்டி வச்சுக்க. கண்ணாடியா இது? காட்டுறது ஒரு இடம், குண்டு போறது வேற இடம்! இத வச்சுக்கிட்டு ஓநாயை எங்க சுடறது? எங்க வீட்டுல டீத்தண்ணி கொதிக்கிற சமோவாரைக்கூட சுட முடியாது… என்னது, டீயா? குடு. சர்க்கரை வேணாம்… சரி, ரெண்டு கட்டி போடு.

நான் என்ன கேட்டு வாங்கினேன், ஞாபகம் இருக்கா மார்லென்? பொழுது சாஞ்சப்புறம் தெரியணும்னு கேட்டேன். ஓநாய் என்ன மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கா வருது? வெளிச்சம் போறதுக்கும் இருட்டு விழுறதுக்கும் நடுவுல ஒரு அரைமணி நேரம் இருக்கு பாரு, அதுலதான் வரும். அந்த நேரத்துல என் கண்ணுக்கு ஆடும் ஒண்ணுதான், பாறையும் ஒண்ணுதான், எம் பொண்டாட்டி புருல்சாவும் ஒண்ணுதான். அதான் உங்கிட்ட வந்தேன்.

நீயும் சும்மா சொல்லக்கூடாது, மெனக்கெட்டே. சாயங்காலம் வரைக்கும் என்னை உக்காத்தி வச்சு, கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, ரெண்டு ஸ்கோப்பைக் கையில குடுத்து, ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற கரண்ட் கம்பத்துல என்ன நம்பர் போட்டிருக்குன்னு படிக்கச் சொன்னே. ஒண்ணுல கம்பமே கரிக்கட்டை. இன்னொண்ணுல நம்பர், நம்பருக்குக் கீழ எவனோ எழுதி வச்சிருந்த கெட்ட வார்த்தை, எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதையே குடுன்னேன். முன்கண்ணாடி ஐம்பத்தாறு மில்லிமீட்டர், நம்ம குதிரைப்பால் கிமிஸ் குடிக்கிற கிண்ணம் அகலம்! ரெண்டு கிடா வித்த காசு தம்பி, ரெண்டு கிடா.

அப்பவே நீ ஒரு வார்த்தை சொன்னே. “இருபத்திநாலு மடங்கு வரைக்கும் பெருசாக்கலாம், ஆனா இருட்டுற நேரத்துல ஆறுலயே வைங்க, பெருசாக்கப் பெருசாக்க மங்கிடும்”னு சொன்னே. நான் விட்டனா? இருபத்திநாலுக்குக் காசு குடுத்துட்டு ஆறுல பாக்க நான் என்ன இளிச்சவாயனான்னு கேட்டேன். அப்புறம் மலையில போயி இருபத்திநாலுல வச்சுப் பாத்தா ஒரே கருப்பு மயிரு… ஓநாயா, எங்க குதிரையோட பின்பக்கமா, ஒண்ணும் விளங்கல. குதிரைதான். சரி, அது என் தப்பு. ஆறுக்கு இறக்கிட்டேன். அந்தச் சிவப்புப் புள்ளியும் அப்படித்தான். முழுசா ஏத்தி வச்சா புள்ளி எரியுது, பின்னாடி இருக்கறது எதுவும் தெரியல. அதையும் நீ சொன்னபடி கண்ணுக்கே தெரியுமா தெரியாதாங்கிற அளவுக்கு இறக்கிட்டேன். நான் சொன்ன பேச்சு கேக்காதவன் இல்ல.

இன்னொண்ணு. இந்தப் பெரிய கண்ணாடிக்கு வளையம் உசரமா மாட்டினே இல்ல? என் தாவாக்கட்டை துப்பாக்கிக் கட்டையில ஒக்காரவே இல்ல, அந்தரத்துல கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டுப் பாக்கணும். புருல்சாதான் கம்பளித் துணிய நாலா மடிச்சுக் கட்டையில வச்சுத் தைச்சுக் குடுத்தா. பாரு, எவ்வளவு அழகா இருக்கு. பூவேலை வேற போட்டிருக்கா. ஓநாய்க்கு எதுக்குடி பூவுன்னேன், ஓநாய்க்கில்ல, உங்க மூஞ்சிக்குன்னா… என்ன சிரிக்கிற?

சரி, விஷயத்துக்கு வர்றேன். சிரிக்கிற விஷயம் இல்ல.

நீ அந்த சரளைப் பள்ளத்துல வச்சு நூறு மீட்டர்ல சுட்டு, இந்தத் திருகாணிய டிக் டிக்னு திருகிச் சரிபண்ணிக் குடுத்தே. மூணு குண்டும் ஒரு டீக் கிண்ண வாய்க்குள்ள. நானே பாத்தேன், அதுல குறை சொல்லல. எட்டு நாள் கழிச்சு ஓநாய் வந்துது. ஓடைக்கு அந்தப் பக்கம், நூத்திருபது அடி எடுத்து வைக்கிற தூரம். நல்லா மசமசன்னு ஆயிடுச்சு. கண்ணாடிக்குள்ள பாத்தா… தம்பி, காது தெரியுது! இடது காது கிழிஞ்சிருக்கிறது தெரியுது! மூச்சைப் பிடிச்சேன், சுட்டேன்.

மேல, இடது பக்கம், ஒரு முழம் தள்ளி ஒரு கல்லு தூளாச்சு.

அந்தக் கழுதை ஓடியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஓடல. அந்தக் கல்லைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, எந்திரிச்சு நடந்து போச்சு. நடந்து! மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து ஜூரா அக்காவோட ஆடு ரெண்டு, ஜோல்சுவோடது ஒண்ணு, தோலோமுஷ்ஷோட செனை ஆடு ஒண்ணு… நாலு. என் ஆடு ஒண்ணைக்கூட தொடல, அதுதான் இன்னும் மோசம். ஊரு என்ன பேசும்? ஊராரோட ஆடு முன்னூறு என்னை நம்பி மலைக்கு வருது தம்பி, கோடை முழுக்க. அதுதான் என் பொழைப்பு. அந்த மூணு வீடும் ஆட்டைப் பிரிச்சு எதிர்ச்சரிவுல மேய்க்கிற எஸ்தெபெஸ்கிட்ட விடப்போறோம்னு நிக்குது. மூணு வீடு போனா மீதியும் போயிடும். அப்புறம் நான் மலையில யாரை மேய்க்கறது, புருல்சாவையா? அவதான் என்னை மேய்க்கிறா.

ஏன் அந்தத் திருகாணியவே பாத்துக்கிட்டிருக்க? மூடியா? மூடி இருக்கு, பையில இருக்கு. ரெண்டும் பத்திரமா இருக்கு, தொலைக்கல. இந்தா. நானேதான் கழட்டி வச்சேன்… ஏன் கழட்டினனா? மூடி இருந்தா எப்படிப்பா திருகுவாங்க?

யாரா…

ம். இன்னொரு டீ ஊத்து.

இல்ல தம்பி, புதுசா மருமக வந்தாலும் புள்ள பொறந்தாலும் பாக்க வர்றவங்க கொருண்டுக்னு ஏதாவது ஒரு பரிசு வைக்காம மூஞ்சியக் காட்டமாட்டோம்ல? ரெண்டு கிடா வித்து வாங்கினது, வீட்டுக்கு மருமக வந்த மாதிரிதானேன்னு… விளையாட்டுக்குத்தான்… புருல்சாவோட வெள்ளை முக்காட்டை எடுத்து ஸ்கோப்பு மேல போத்தி, கூடாரத்துல கம்பளத்து மேல வச்சேன். வர்றவங்க கொருண்டுக் வைக்கணும், முக்காட்டை விலக்கிப் பாக்கணும். ஒருத்தர் காஞ்ச தயிர் குருத் உருண்டை வச்சாங்க, ஒருத்தர் மிட்டாய் வச்சாங்க, ஜூரா அக்கா ஒரு ஜோடி காலுறை வச்சுது. மூணு நாள் திருவிழா! எதிர்ச்சரிவுல எஸ்தெபெஸ் பொண்டாட்டி என்ன சமைக்கிறான்னு நம்ம சரிவுல இருந்தே எல்லாரும் பாத்தாங்க.

திருகச் சொன்னது நான்தான். சத்தத்தைக் கேளுங்க, டிக் டிக்னு என்ன சுத்தமா விழுதுன்னு, நானே அவங்க விரலைப் பிடிச்சு… ஆமாப்பா, ஒரு டிக்குக்கு நூறு மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர் நகரும்னு நீ சொன்னே. சொன்னே, சொன்னே. நான் ஒண்ணும் செவிடு இல்ல. ஆனா திருகினவங்க எல்லாம் திருப்பி வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்.

அந்தக் கல்லு தூளானப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா எல்லாரும் வந்து சுத்தி நின்னு “என்ன எசென்கான், என்னாச்சு?”ன்னு கேக்கறாங்க. வாயில என்ன வந்துச்சு தெரியுமா? நாரின் டவுன் கடைக்காரப் பய ஓட்டைக் கண்ணாடியத் தலையில கட்டிட்டான்னு வந்துச்சு. வந்துடுச்சு தம்பி, என்ன பண்றது. அதுல இருந்து தினம் அதையேதான் சொல்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே உன்மேல கோவம் வந்துடுச்சு.

இப்ப கொஞ்சம் கிட்ட வா. அந்த மூணு வீட்டுக்காரங்களும் என்கூடத்தான் வந்திருக்காங்க. எதிர்க் கடையில சம்சா தின்னுட்டிருக்காங்க. உன்னை நேர்ல கேக்கணுமாம். நான் ஒரு ஓட்டம் முன்னாடி வந்துட்டேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு… கண்ணாடியில குறை இருந்துச்சுன்னு. ஒரே ஒரு வாய்வார்த்தை. உனக்கு இந்த ஊர்ல வேற ஆளா இல்ல? எங்க மலையில இருந்து ஒருத்தனும் உங்கிட்ட வாங்க வரமாட்டான், அவ்வளவுதானே… அது அவ்வளவுதான் இல்ல, எனக்கும் தெரியுது. ஆனா நான் அறுபது வயசுல எங்க போவேன் தம்பி? ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டே? ஏதாவது பேசேன்…

ஆங்! வா ஜூரா அக்கா, வா வா. ஜோல்சு, உதட்டுல எண்ணெய், தொடை. தோலோமுஷ், கதவைச் சாத்து. இவருதான் மார்லென். நான் சொன்னேன்ல… கேளுங்க, அவரையே கேளுங்க.

என்ன தம்பி? “பெரியவர் சொன்னது நிசந்தான், கண்ணாடியில—” இரு. இரு இரு இரு. நீ பேசாத. வாயைத் திறக்காதன்னு சொல்றேன்ல! இவ்வளவு நேரம் நான்தானே பேசினேன், மீதியையும் நானே பேசிக்கிறேன்.

அக்கா, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இந்தப் பையன் சரியாத்தான் குடுத்தான். மூடியக் கழட்டி உங்களைத் திருகச் சொன்னவன் நான். உங்க ஆடு நாலும் என் பவுசுக்குப் போச்சு. எஸ்தெபெஸ்கிட்ட விடணும்னா விடுங்க, நானே ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வர்றேன்… என்ன? நீ எத்தனை திருகினேன்னா? அது எனக்கு எப்படிக்கா தெரியும்? நாலா? மேல்பக்கமா நாலு. ஜோல்சு, நீ ஆறா… தோலோமுஷ், எண்ணவே இல்லயா, சும்மா திருகிக்கிட்டே இருந்தியா? அட எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்கே! அதான் வழியெல்லாம் வண்டியில ஒருத்தரும் வாயைத் திறக்கலயா? நான் எம்மேல கோவம்னு நினைச்சு நடுங்கிட்டு வந்தேன்! உங்களுக்கும் அந்தக் கல்லு உடைஞ்ச அன்னைக்கே தெரியும், இல்ல? தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாலு பேரும் வண்டி பிடிச்சு, இந்தப் பையன் தலையில கட்ட வந்தோமா?

பாக்காதீங்க ஒருத்தரை ஒருத்தர். அவன் மூஞ்சியப் பாருங்க. எனக்காக பொய் சொல்ல வாயைத் திறந்துட்டான்.

தம்பி, மன்னிச்சுக்கப்பா. மலையில நான் யார் யார்கிட்ட சொன்னனோ அத்தனை பேர்கிட்டயும் போயி மாத்திச் சொல்றேன், அதுக்கு ஒரு நாள் ஆகும், நான் பேசற வேகத்துக்கு. இப்ப துப்பாக்கியத் தூக்கு, பள்ளத்துக்குப் போலாம். எத்தனை குண்டு ஆனாலும் சரி, திரும்ப டீக் கிண்ணத்துக்குள்ள கொண்டு வந்து, மூடியப் போட்டு, எங்கிட்ட குடுக்காத, ஜூரா அக்காகிட்ட குடு. பொழுது சாயறதுக்குள்ள, அந்த ஓநாய் வர்றதுக்குள்ள நாங்க மலை ஏறணும். நாலு வீட்டு ஆடும் இன்னும் ஒரே பட்டியிலதான் இருக்கு.