அக்கா எண்ணெயில் கெமிக்கல் இல்லை

நுனி வெடித்த முடியை அப்படியே விடக் கூடாது மேடம். நீங்கள் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றியபோதே பார்த்துவிட்டேன். வெயிலில் வண்டியில் சுற்றுகிற வேலை, தலை காய்ந்துதான் போகும். வெந்தயத்தை ஊற வைத்து, செம்பருத்தி இலையோடு சேர்த்து அரைத்துத் தேயுங்கள். சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துக் குளித்தால் போதும். ஷாம்பு பக்கமே போகாதீர்கள். இதைக் கேட்கத்தான் நல்லூரில் என் வீட்டு வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள்.

வாக்குமூலத்தில் இது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வக்கீல் வரட்டும் என்கிறீர்கள். செய்ததைச் சொல்ல வக்கீல் எதற்கு?

என் பெயர் மாரக்காள். குலதெய்வத்தின் பெயர். இதை வைத்துக்கொண்டு அழகு சாமான் விற்க முடியாது என்று என் மகள் கீர்த்தனா, பாட்டிலில் ‘அக்கா ஹேர் ஆயில்’ என்று லேபிள் அடித்து ஒட்டினாள். கீழே ‘ஒரு துளி கெமிக்கல் இல்லை’ என்று போடச் சொன்னது நான். அது பொய்யில்லை. இன்றைக்கும் பொய்யில்லை. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கெமிக்கல் என்ற பேச்சே எனக்கு ஆகாது.

புருஷனோடு ஒத்துவராமல், மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி தனபால் வீட்டுக்கு வந்தேன். கீழே அவனுடைய பனியன் யூனிட், மேலே வீடு. நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. யூனிட்டில் குவாலிட்டி முழுக்க என் கையில் இருந்தது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பீஸை எடுத்து, எந்த லாட் என்று டேப்பில் எழுதி ஒட்டி, பத்திரமாக வைக்க வேண்டும். கவுண்டர் சாம்பிள் என்பார்கள். பிறகு சரக்கு வாங்குகிற பையர் ஏதாவது குறை சொன்னால் அதை எடுத்துக் காட்டி வாயை அடைக்கலாம். வீட்டில் எண்ணெய் காய்ச்சத் தொடங்கியபோதும் அதே பழக்கம்தான். ஒவ்வொரு தடவை சட்டி இறக்கும்போதும் ஒரு பாட்டில் பரண் மேல் போய்விடும். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வருத்தமில்லை. அரைகுறையாக வேலை செய்கிறவர்கள்தான் எதிலும் மாட்டாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஜோதிகா அந்த யூனிட்டுக்கு டெய்லராக வந்தவள். கோவில்பட்டிப் பக்கம். தனபால் ஒரு நாள் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளோடு மாலையும் கழுத்துமாக வந்து நின்றான். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு மேடம். மாப்பிள்ளையோடு பிறந்தவள் நின்று செய்கிற சீர். அதற்கென்று பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தேன். இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுச் சாவியை அவன் அவள் கையில் கொடுத்ததற்காகவும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது என்னைப் பொறாமைக்காரி என்பார்கள்.

அவளுக்கு முட்டி தொடும் முடி. மாநிறம்தான், ஆனால் முகத்தில் ஒரு பரு, ஒரு தழும்பு கிடையாது. கீர்த்தனாதான் ஜோதிகாவின் பின்னலைப் படமெடுத்து என் எண்ணெய்க்கு விளம்பரமாக வாட்ஸ்அப்பில் போட்டாள். அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. ஒரு நாள் திருப்பூரிலேயே ராயபுரத்திலிருந்து பெரிய வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஜோதிகா காப்பி கொண்டுவந்தாள்.

“ஏனுங் கண்ணு, அக்கா எண்ணெய எத்தன வருசமாத் தேய்க்கறே?” என்று ஒரு அம்மா கேட்டார்.

“ஐயோ, நான் இதத் தேய்க்கதே இல்லக்கா. எனக்கு இந்த வாடை பிடிக்காது. கடையில விக்க பாக்கெட் ஷாம்புதான்” என்று அவள் சிரித்தாள்.

கையில் எடுத்த பாட்டிலை அந்த அம்மா திரும்ப மேஜையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். கரிசலாங்கண்ணி தேடி வரப்பு வரப்பாக அலைந்தவள் நான். அடுப்புப் புகையில் கண் எரிய நின்றவள் நான். பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் குளிக்கிறவளுக்கு அந்த முடி. இதில் என்ன நியாயம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் அவளே வந்தாள். “மதினி, விளையாட்டாச் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்கிடாதீங்க. இனிமே நீங்களே தேச்சு விடுங்க” என்று எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சேராங்கொட்டை தெரியுமா உங்களுக்கு? சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவது அதன் பாலில்தான். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. நஞ்சு போகச் சுத்தி செய்தால் மருந்து. சுத்தி செய்யாமல் தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தடிக்கும், கொப்பளிக்கும். மரத்தில் காய்க்கிறது மேடம். நான் அதற்குள் எதையும் கொட்டவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் எண்ணெய் இறக்கினேன், அவ்வளவுதான். அதிலிருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் எடுத்து, ‘ஜோ’ என்று டேப் ஒட்டிப் பரணில் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தேன். நகம் படாமல் இருக்க என்றேன். சரி என்றாள்.

முதலில் நெற்றியோரம் தடித்தது. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்தில். அவள் பயந்து என்னிடம்தான் ஓடிவந்தாள். கற்றாழைச் சோறு எடுத்து, மோரில் கழுவித் தடவினேன். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஆற்றி ஒற்றிக் கொடுத்தேன். நல்ல கை எனக்கு. புண் ஆறியது. ஆறினதும் மறுபடி எண்ணெய். மறுபடி புண். மறுபடி கற்றாழை. தோல் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். டாக்டர் கொடுப்பது ஸ்டீராய்டு, முகம் வீங்கும் என்று நான் சொன்னேன். அவள் டாக்டரை நிறுத்திவிட்டாள்.

முடி கொத்துக் கொத்தாக வந்தது. மீதியை நானே வெட்டிவிட்டேன். எறிய மனம் வரவில்லை, எண்ணெய் தடவிப் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன் மதினி” என்று என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லவா? என் கல்யாணத்துக்குப் பிறகு நான் மனசு நிறைந்து இருந்தது அந்த மாதங்களில்தான். என் கையை அப்படி நம்பினவர்கள் யாருமில்லை.

பிறகு ஒரு தடவை கண் இமையில் பட்டுவிட்டது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு முகம் முழுக்க நீர் கட்டி, தனபால் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். என்னென்ன தேய்த்தீர்கள், எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தனபால் நேராகப் பரணில் ஏறினான். எங்கே தேட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அவனும் திருப்பூர்க்காரன்தானே. மற்ற பாட்டிலில் எல்லாம் தேதி. சில பாட்டிலில் மட்டும் ‘ஜோ’.

அதில் ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். “அக்கா, இவளுக்கு மட்டும் எதுக்குங்க தனி லாட்டு?”

“அவளுக்கு மெல்லிசான தோல் சாமி. அதனால பக்குவம் வேற” என்றேன்.

“சரிங்க. லேப்புக்கு அனுப்பிப் பாத்துட்டாப் போச்சு.”

அப்போதுதான் கீர்த்தனா அறையிலிருந்து வந்தாள். அவளுக்கு அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கொமரலிங்கத்தில் நல்ல பண்ணையம். பெண் லட்சணம் என்று சொல்லித்தான் கேட்டு வந்தார்கள்.

“லேப்பு எதுக்குங்க மாமா? எங்கம்மா காய்ச்சுன எண்ணெய். எனக்குத் தேச்சுக் காட்டச் சொல்லுங்க, அப்பவாச்சும் நம்புவீங்களா?” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபத்தில் அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது. எனக்காகக் கோபப்பட்டாள்.

“வேண்டாம் கண்ணு. நீ உள்ள போ” என்றான் தனபால். அவன் சொன்னான். நான் சொல்லவில்லை.

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இத்தனை வருஷம் காப்பாற்றின பெயர் போய்விடும். கீர்த்தனாவுக்கும் அது நல்லதில்லை, இப்படி ஒரு பேச்சு வந்தால் கொமரலிங்கத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? என் மகளின் வாழ்க்கையைத்தான் நான் நினைத்தேன். பாட்டிலைத் திறந்தேன். கையுறையை எடுக்கவில்லை, எடுத்தால் தனபால் கவனித்துவிடுவான். பஞ்சில் தொட்டுக்கொண்டேன்.

அவள் கையைத்தான் நீட்டினாள் மேடம். கன்னத்தில் தடவியது நான். கையில் தடவிக் காட்டினால் தனபால் முழுசாக நம்பியிருக்கமாட்டான். இரண்டு கன்னம், நெற்றி, கழுத்து. நன்றாக இழுத்துத் தடவினேன்.

தனபால் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. அவன் எழுந்துவந்து என் காலைத் தொட்டான். “தப்பா நெனச்சுப்போட்டனுங்க அக்கா” என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதைக் கழுவிக் கவிழ்த்தேன். பரணில் இன்னும் ‘ஜோ’ பாட்டில் இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை. அதைத்தான் நீங்கள் எடுத்து வந்திருக்கிறீர்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கீர்த்தனா படுக்கப் போனாள். “மொகம் பிசுபிசுங்குது. கழுவிக்கட்டுங்களாம்மா?” என்று கேட்டாள்.

தனபால் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? கழுவச் சொன்னது ஏன் என்பான்.

“இருக்கட்டும் கண்ணு. ஊறட்டும்” என்றேன். தலையணையில் ஒரு பழைய பனியன் துணியை விரித்துக் கொடுத்தேன். அந்தக் கறை போகாது.

இப்போது அவளையும் அதே வார்டில்தான் போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்கிறாளாம். வலியில் பேசுவது, நான் மனதில் வைத்துக்கொள்ளமாட்டேன். கண் திறந்த ஜோதிகாதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்துவந்து அவளுக்குச் சோறு ஊட்டுகிறாளாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் மேடம். அந்த ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு என்னென்னவோ ஆயின்மென்ட் தடவுகிறார்கள், அதை நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவும் கெமிக்கல். பெற்றவள் நான் இருக்கும்போது, அவள் முகத்தில் கண்டவர்கள் எதையாவது தடவ எப்படி விடுவது?