பிரேமலதாவின் திரும்பும் டிக்கெட்

2007 ஜூன் 13, புதன்கிழமை காலை 11 மணிக்கு ரேணிகுண்டா காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொல்ல, தமிழ் எழுதத் தெரிந்த தலைமைக் காவலர் எழுதிக்கொண்டது.

என் பெயர் தாட்சாயணி. வயது 34. கணவர் பெயர் நாகேந்திரன். சொந்த ஊர் பாலசமுத்திரம். பதினோரு வருடங்களாக ரேணிகுண்டாவில் ரயில்வே கேட்டுக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். எங்களுக்கு நளினி என்று ஒன்பது வயதில் ஒரே மகள். எனக்குத் தெலுங்கு பேசவும் படிக்கவும் வரும். ஆனாலும் தமிழில் சொன்னால்தான் ஒன்றும் விட்டுப்போகாது என்பதால் தமிழில் சொல்கிறேன்.

திருப்பதியில் டிராவல்ஸ் நடத்தும் முரளி என்பவர் என் கணவருடன் ஐ.டி.ஐ.யில் படித்தவர். அவர் ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, மலேசியாவுக்கு ஏழு நாள் சுற்றுலா கூட்டிப்போவதாகவும், எங்கள் மூவரையும் இனாமாகச் சேர்த்துக்கொள்வதாகவும், எங்கள் ஊர்க் கூலிக்காரி செங்கம்மாவின் மகள் பிரேமலதாவை, வயது 19, என் கணவரின் தங்கை என்று சொல்லி எங்களோடு கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னார். தனியாக வரும் சின்னப் பெண்ணை விமான நிலையத்தில் விடமாட்டார்கள், அவளுடைய மாமா அங்கே இருக்கிறார், பார்த்துவிட்டு நம்மோடேயே திரும்பிவிடுவாள் என்றார். அதன் பிறகு தெலுங்கில் எழுதிய உறுதிக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அதில் பிரேமலதா என் நாத்தனார் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். நான் அதுவரை விமானத்தைத் தரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 3ஆம் தேதி சென்னையிலிருந்து முரளியைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர் புறப்பட்டோம். கோலாலம்பூரில் இறங்கியதும் முரளி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். பிரேமலதா எங்கள் அறையில் என் மகளோடு படுத்துக்கொண்டாள். மூன்று நாட்கள் ஊர் சுற்றினோம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

6ஆம் தேதி காலை நளினியின் ரிப்பனைத் தேடும்போது பிரேமலதாவின் பையைத் திறந்தேன். அதில் ஒரு போர்வையும், துணி சுற்றிய மூன்று பெரிய பாட்டில் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. ஏழு நாளைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “வருசத்துக்கு ஆவும்னு அம்மா குடுத்துச்சுக்கா. புடவக் கடைல வேல. ரெண்டு வருசம் கழிச்சித்தான் ஊருக்கு” என்றாள். மாமா யார் என்று கேட்டதற்கு, தனக்கு அப்படி யாரும் இல்லை என்றாள். கடையின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

அன்றே என் கணவரிடம் கேட்டேன். அவர் டி.வி.யைப் பார்த்தபடி, “அத்தெல்லாம் முரளி பாத்துக்குவான், நீ சும்மா கெட” என்றார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

மறுநாள் 7ஆம் தேதி எல்லோரும் பத்து மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மதியம் ஓட்டலுக்குத் திரும்பினோம். அறையைத் துடைக்க வந்த ரத்னம்மா என்பவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். நான் பேசுவதைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, “இந்த ஆளு மார்ச்சிலயும் ஒரு கூட்டத்த இட்டுக்கினு வந்தான். திரும்பிப் போவச்சொல்ல ஒரு பொண்ண இங்கயே வுட்டுட்டுப் போய்ட்டான். பத்து நாளு கழிச்சி அது பின்பக்கக் கேட்டாண்ட வந்து அழுதுக்கினு நின்னுச்சு. கடையும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரு வந்து கார்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க. நான் பாத்துக்கினு நின்னேன்” என்றார். அந்தப் பெண்ணின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரேமலதா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

8ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு முரளி கதவைத் தட்டி, கடை முதலாளியின் ஆட்கள் கீழே வந்திருக்கிறார்கள், பிரேமலதாவைப் பையோடு அனுப்பு என்றார். அவளுக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் எழுந்து அவளுடைய பையைக் கையில் எடுத்தார். நான் கதவுக்குக் குறுக்கே நின்று, “நளினியா இருந்தா இப்டித்தான் பைய எடுத்துக் குடுப்பியா?” என்று கேட்டேன். நளினி அழ ஆரம்பித்தாள். என் கணவர் பையை வைத்துவிட்டு வெளியே போனார். நான் கதவைத் தாழிட்டு மேசையைத் தள்ளி வைத்தேன். இரண்டு முறை தட்டினார்கள். திறக்கவில்லை.

9ஆம் தேதி காலை எட்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து என்பதால் ஏழு மணிக்கே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். முரளி ஏறிவந்து, பிரேமலதாவின் டிக்கெட் ரத்தாகிவிட்டது, பாஸ்போர்ட் கடை முதலாளியிடம் போய்விட்டது, விமான நிலையம் வந்தால் போலீஸ் பிடித்து ஜெயிலில் போடும் என்றார். பிரேமலதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கட்டும், போலீஸ்தானே என்றேன். பேருந்து முழுவதும் எங்களோடு சுற்றியவர்கள் இருந்ததால் அவர் மேலே ஒன்றும் செய்யவில்லை.

விமான நிலையத்தில் முரளி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் கொடுத்தார். இருபத்தொன்று கொடுத்துவிட்டுப் பையை மூடினார். எனக்கு இங்கிலீஷ் வராது. எங்கள் கூட்டத்தில் சித்தூரைச் சேர்ந்த சிவசங்கரி என்ற பேங்க் ஊழியர் இருந்தார். அவரிடம் போய் நடந்தது முழுவதையும் சொன்னேன். என் கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு விமானக் கம்பெனி கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, “டிக்கெட் ரத்தாகலம்மா. பிரேமலதான்னு பேரு லிஸ்ட்ல கீது” என்றார். திரும்பும் டிக்கெட் இல்லாமல் மலேசியாவுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அதையும் வாங்கித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

பாஸ்போர்ட் மட்டும்தான் இல்லை. மணி பத்தே முக்கால். விமானம் பன்னிரண்டரைக்கு. நான் கவுன்ட்டருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, பிரேமலதாவையும் நளினியையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வராமல் நான் வரமாட்டேன் என்று தெலுங்கிலும் தமிழிலும் சத்தமாகச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் சிலர் விமானம் போய்விடும் என்று என்னைத் திட்டினார்கள். சிலர் முரளியைச் சுற்றி நின்றார்கள். என் கணவர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். சிவசங்கரி அங்கிருந்த போலீஸ்காரரை நோக்கி நடந்தார். அவர் பாதி தூரம் போவதற்குள் முரளி இடுப்புப் பையைத் திறந்து, உள் ஜிப்பிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தரையில் போட்டார். பிரேமலதா தவழ்ந்து போய் அதை எடுத்தாள்.

விமானத்தில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். என் கணவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார். சென்னையில் முரளி ஏற்பாடு செய்திருந்த வேனில் நாங்கள் ஏறவில்லை. சென்ட்ரலுக்குப் போய் ரயில் பிடித்தோம். என் கணவரும் ஏறினார். அரக்கோணம் தாண்டியதும் என்னிடம் வந்து, “போலீஸுக்குப் போனா உன் கையெழுத்தும் வரும், நெனப்பு வச்சிக்கோ” என்றார். நளினி, “நைனா, நீ அந்தப் பக்கம் போய் உக்காரு” என்றாள். அவர் போனார். ரேணிகுண்டாவில் நாங்கள் இறங்கியபோது அவர் பெட்டியில் இல்லை. புத்தூரிலேயே இறங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு இன்று வரை வீட்டுக்கு வரவில்லை.

10ஆம் தேதி காலை பிரேமலதாவைப் பேருந்தில் பாலசமுத்திரம் கூட்டிப்போனேன். செங்கம்மா வேர்க்கடலைக் கொல்லையில் இருந்தார். மகளைப் பார்த்ததும், “ஏன்டி வந்துட்ட?” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, மகளின் கைகளையும் முகத்தையும் கழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வேலை என்று சொல்லித்தான் முரளி கூட்டிப்போனார் என்றும், என் கணவரும் உடன் வந்து பேசினார் என்றும் செங்கம்மா சொன்னார். தாயும் மகளும் இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். தனியாக வாக்குமூலம் தருவார்கள்.

மார்ச் மாதம் போன கூட்டத்தின் பெயர்ப் பட்டியல் முரளியின் ஆபீஸில் இருக்கும். போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அந்தப் பெண் யார் என்று தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை என் கணவர் பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டார். எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை. “என் பேர மட்டும் வுட்டுடு தாட்சா, நளினிக்கு நைனா வேணும்ல” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் பெயரை எழுத வேண்டுமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று இப்போது தலைமைக் காவலர் கேட்டதற்கு, எழுதுங்கள் என்று சொல்கிறேன். நாகேந்திரன், தகப்பனார் பெயர் கன்னையா, வயது 39.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. யாருடைய மிரட்டலுக்கும் பயந்து சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(கையொப்பம்) நா. தாட்சாயணி