தாவாத ராஜா

— அந்தச் செஸ் பலகையில மட்டும் கை வெச்சுடாதீங்க, தங்கச்சி. பெஞ்சை எடுத்துக்கங்க, சுவத்துக் கடியாரத்தைக் கழட்டிக்கங்க, வேணும்னா என்னையே ஒரு சாக்குல போட்டுக் கட்டித் தூக்கிட்டுப் போங்க. பலகை வேணாம்.

— பலகைக்குத்தானேங்கண்ணா மாடி ஏறி வந்தேன். என் வூட்டுக்காரரு கையால செஞ்சது. நாலு மணி பஸ்ஸுக்கு ஓசூர் போறேனுங்க. அங்கேருந்து மகன் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறான். இனி இந்தப் பக்கம் எப்ப வருவனோ, தெரியாது.

— நாலு மணி பஸ் என்னைக்கு நாலு மணிக்கு வந்துச்சு? உக்காருங்க லூர்து மேரி. இந்தக் கிளப்பு ஆரம்பிச்சுப் பதினாலு வருஷத்துல மாடிப்படி ஏறின முதல் பொம்பளை நீங்கதான். ஒரு டீ குடிக்காம போனீங்கன்னா மாரண்டஹள்ளி செஸ் கிளப்புக்கே மானக்கேடு. நஞ்சப்பா, மேல ஒரு டீ.

— கொண்டாந்துட்டேன் சாமி. தாயி, அந்த பஸ் இப்பல்லாம் மூணே முக்காலுக்கே வந்துடுது. ராஜப்பன் சாமி பேச்சை நம்பி உக்காந்துடாதீங்க.

— பார்த்தீங்களா தங்கச்சி. கீழ இவன் டீக்கடை, மேல எங்க கிளப்பு. என் பேச்சைக் கேக்க வந்த ஜனத்துக்கு டீ வித்துத்தான் இவன் மாடு வாங்கினான், இப்ப என்னையே நம்பாதீங்கங்கறான். தாலுக்கா ஆபீஸ்ல முப்பது வருஷம் ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன் நான். பொய்யுன்னா எப்படி எழுதறதுன்னே எனக்குத் தெரியாது.

— ஏங்கண்ணா தொடக் கூடாதுங்கறீங்க? அவரு போயி எட்டு மாசமாச்சு. காயெல்லாம் அங்கங்க அப்படியே நிக்குது. தூசியும் காணோம்.

— தினம் காலையில வந்து கோழி இறகால தொடைக்கிறேன். துணி போட்டா காய் நகந்துடும். ஆட்டம் நடந்துட்டு இருக்குதில்ல.

— யாரு கூட?

— உங்க வூட்டுக்காரன் மதலைமுத்து கூடத்தான். அவன் போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆரம்பிச்சோம். பாதியில நின்னுச்சு. மறுநாள் காலையில அவன் எடை போடற மண்டியில தராசுக்குப் பக்கத்துல மூட்டை மேல உக்காந்தவன் எழுந்திருக்கலன்னு ஆள் வந்து சொன்னான். இப்ப நகர்த்த வேண்டிய முறை அவனோடது. அவன் நகர்த்தாம நான் எப்படிங்க கை வைக்க முடியும்?

— யாருங்கண்ணா ஜெயிக்கிற மாதிரி இருக்குது?

— நான்தான். அதுல சந்தேகமே வேணாம். இன்னும் ரெண்டே நகர்த்தல்ல அவன் ராஜா காலி.

— எட்டு மாசமா இதையேதான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு தாயி. வாரச்சந்தையில கத்திரிக்கா கூறு போடற கிழவிக்குக்கூட மனப்பாடம்.

— எனக்கும் காதுல விழுந்துச்சுங்க. நெசமாவாங்கண்ணா? நீங்களேதான் ஜெயிச்சிருப்பீங்களா?

— டீ ஆறுது, குடிங்க. அதை விடுங்க, உங்க வூட்டுக்காரன் இங்க எப்படி உக்காருவான்னு தெரியுமா உங்களுக்கு? அந்த ஜன்னலோரம், செவுத்துல முதுகு படாம. அவன் யோசிக்க ஆரம்பிச்சான்னா கொசுகூடக் கடிக்கிறதை நிறுத்திட்டுப் பலகையைப் பார்க்கும். ஒரு ஆட்டம் மூணு நாள் நடந்துச்சு. முதல் நாள் கீழ நஞ்சப்பன் மாடு வலியில நின்னுச்சு. மதலைமுத்து ஒரு குதிரையை எங்க வைக்கலாம்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள கன்னு பொறந்து, வளந்து, அது ஒரு கன்னு போட்டுடுச்சு.

— கன்னு பொறந்தது நெசம் தாயி. மிச்சத்தை சாமி பொறக்க வெச்சுட்டாரு.

— நீ ராணியைக்கூட யானைன்னு சொல்றவன், சும்மா இரு. தங்கச்சி, அந்தக் கறுப்பு யானையைப் பாருங்க. காய் இல்ல அது, டிஞ்சர் பாட்டில் மூடி. நெசமான யானையை எலி இழுத்துட்டுப் போயிடுச்சு. நாங்க மூடியை வெச்சோம். மதலைமுத்து கையில எடுத்தான், ‘யானை இவ்வளவு லேசா இருந்தா பயம் வராதே’ன்னான். மண்டிக்குக் கொண்டு போயி, உள்ள ஈயத்தை உருக்கி ஊத்தி, இன்னொரு யானைக்குச் சமமா எடை போட்டுக் கொண்டு வந்தான். கண்ணை மூடிட்டுத் தூக்கினா ரெண்டும் ஒண்ணு. அன்னைக்கு ஒசந்த மரியாதை அந்த மூடிக்கு இன்னும் குறையல.

— வூட்டுலயும் அப்படித்தானுங்க. உப்பைக் கையில அள்ளினாலே இன்னைக்கு ரெண்டு கல்லு கூடங்கும்பாரு.

— காயை வெட்டினான்னா துண்டுல தொடைச்சு நம்ம கையில கொடுப்பான், ஏதோ நம்ம வூட்டுப் புள்ளை கீழ விழுந்துட்ட மாதிரி. ராணியை வெட்டினா ஒரு டீயும் வாங்கித் தருவான். அவங்கிட்டத் தோக்கறதுக்குன்னே பென்னாகரத்துலேருந்து ஆளுங்க வந்தாங்க. ஒருத்தன் காவேரியை நீந்தியே வந்தான்.

— பென்னாகரத்துக்கும் நமக்கும் நடுவுல ஏதுங்க சாமி காவேரி?

— சுத்திட்டு வந்தான்டா. ஆசை இருந்தா ஆறு தானா குறுக்க வரும்.

— சேலத்துக்குப் போனீங்களே, அதைச் சொல்லுங்கண்ணா. அவரு முழுசாச் சொன்னதே இல்ல.

— அதை ஏன் கேக்கறீங்க. அறுபத்தாறுல. புளிசோறு கட்டிக்கிட்டு ஏழு பேரு கிளம்பினோம். மண்டபத்துல எட்டாயிரம் ஜனம். இடம் இல்லாம ஆளுங்க மரத்துல தொத்திட்டு இருந்தாங்க.

— முப்பது பேரு தாயி. நானும் போயிருந்தேன். பாதி நாக்காலி காலி.

— சரி, முப்பது. ஆனா மூச்சு விடற சத்தம் எட்டாயிரம் பேருக்கு இருந்துச்சு. நாலு பேரைச் சாய்ச்சுட்டுக் கடைசி ஆட்டத்துக்கு வந்தான். எதிர்ல ஒரு வக்கீலு. மதலைமுத்துக்கு நெருக்கடி. அப்பதான் அவன் ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வெச்சான். நம்ம ஊர் சட்டம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ: செக் வாங்காத ராஜா, ஒரு ஆட்டத்துல ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். எங்க அப்பன், பாட்டன் எல்லாம் அப்படித்தான் ஆடினாங்க. உலகமே அப்படித்தான் ஆடுதுன்னு நாங்க நெனைச்சுட்டு இருந்தோம்.

— அங்க அப்படி இல்லீங்களா?

— அந்த வக்கீலு சிரிச்சான். நடுவரு வந்து பார்த்தாரு, அவரும் சிரிச்சாரு. இங்கிலீஷ் சட்டத்துல ராஜா தாவாதுங்களே, ஆட்டம் போச்சுங்கன்னாரு. பின்னாடி இருந்தவன் ஒருத்தன், மாரண்டஹள்ளியில ராஜா மாடு மேய்ப்பாரான்னு கேட்டான். மதலைமுத்து எழுந்து அந்த வக்கீலுக்குக் கும்பிடு போட்டுட்டு வெளிய வந்தான். பஸ்ஸுல வாயே தொறக்கல. தொப்பூர் கணவாய் தாண்டறப்ப எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னான்: ‘இனிமே என் ராஜா தாவாது, ராஜப்பா.’

— வூட்டுக்கு வந்து ஒரு வாரம் சோறு எறங்கலைங்க. என்னன்னு கேட்டேன். முறத்தை எடுத்து வெச்சு, கத்திரிக்காயும் பூண்டும் பரப்பி, நடந்ததை ஆடிக் காட்டினாரு. பூண்டுதான் ராஜா. அதுலேருந்து பொழுதன்னைக்கும் அதுதான். சாயங்காலம் வந்ததும் அன்னைக்கு ஆடினதை முறத்துல ஆடிக் காட்டிட்டுத்தான் காய் என் அருவாமணைக்கு வரும்.

— முறத்துலயா? படுபாவி, எங்கிட்டச் சொல்லவே இல்லியே. நாங்க கிளப்புல கூட்டம் போட்டுத் தீர்மானமே எழுதினோம் தங்கச்சி: சேலம் எப்படியோ போகட்டும், மாரண்டஹள்ளியில ராஜா தாவும்னு. எல்லாரும் தாவினோம். நான் தினம் தாவினேன். அவன் மட்டும் தாவல. ஏழு வருஷம். தாவினா ஜெயிச்சுடலாம்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், அப்பவும் கையைக் கட்டிட்டு உக்காந்து தோப்பான். அவன் ராஜா இருக்கற இடத்துலயே செத்துப் போகும்.

— மூணரை ஆச்சு தாயி. நான் கீழ போயி பஸ்ஸைப் பார்க்கறேன்.

— போங்கண்ணா. ராஜப்பண்ணா, இதுல அவரு ராஜா எதுங்க?

— இதோ, வெள்ளை. உச்சியில சிலுவை செதுக்கியிருக்கான் பாருங்க. தொடாம பாருங்க.

— அதுக்கு நேர் பின்னாடி நிக்கறது அவரு யானைங்களா?

— ஆமா.

— அந்தக் கோடியில, அதே நேருல இருக்கறது உங்க கறுப்பு ராஜா. நடுவுல வேற காயே இல்ல.

— தங்கச்சி, முறம் நல்லாத்தான் பாடம் சொல்லியிருக்குது.

— இந்த ஆட்டத்துல அவரு ராஜாவுக்கு நீங்க ஒரு தடவையாவது செக் வெச்சீங்களாங்கண்ணா?

— செக் எதுக்கு? அவன் ராஜா ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாதபடி சுத்தி வளைச்சுக் கட்டிட்டேன். நான் வைக்கப் போற முதல் செக்கே கடைசிச் செக்.

— அப்ப நம்ம ஊர் சட்டப்படி, இது இன்னும் ஒரு தடவை தாவலாம்தானே?

— தாவலாம். ஆனா அவன்தான் தாவமாட்டானே.

— ரெண்டு கட்டம் முன்னாடி, ஒரு கட்டம் பக்கத்துல. இப்படிங்களா?

— மேரி.

— ராஜா வழியை விட்டுட்டாரு. பின்னாடி இருந்த யானை உங்க ராஜாவைப் பார்க்குது. இப்ப நீங்க எங்க போவீங்கண்ணா?

— பஸ்ஸுக்கு நேரமாச்சு தங்கச்சி.

— சொல்லுங்க.

— எங்கயும் போக முடியாது.

— அப்ப ரெண்டு நகர்த்தல்ல ஜெயிக்கப் போறதா ஊரெல்லாம் சொன்னது?

— எட்டு மாசமா கோழி இறகால தொடைச்சுட்டே இதைத்தான் பார்த்துட்டு இருக்கேன் தங்கச்சி. அன்னைக்கு அவன் விரலை மெதுவாக் கொண்டு வந்து ராஜா தலை மேல வெச்சான். எடுக்கல. நீங்க இப்ப வெச்ச அந்தக் கட்டத்தைப் பார்த்தான். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தான். ஏழு வருஷமாத் தாவாதவன். அப்பதான் எனக்கும் கண்ணு தெரிஞ்சது. எனக்கு என்ன கேடு வந்துச்சோ, துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, இருட்டிடுச்சு, வூட்டுல தேடுவாங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு எழுந்துட்டேன். அவனும் விரலை எடுத்துட்டு, சரி ராஜப்பான்னான். நாளைக்குத்தானே, நாளைக்குத் தோத்துக்கலாம்னு நெனைச்சேன்.

— படி ஏறறப்பவே காதுல விழுந்துச்சு சாமி, அன்னைக்கு மணி அஞ்சுகூட ஆகல. வெயில் படியில கெடந்துச்சு. டீ சொன்னவரு குடிக்காமயே எறங்கிப் போனீங்க. எட்டு மாசமா நானும் கேக்கணும்னு இருந்தேன். தாயி, பஸ் வந்துடுச்சு, டிரைவருக்கு டீ கொடுத்து நிக்க வெச்சிருக்கேன்.

— கேட்டுக்கிட்டீங்களா தங்கச்சி. நான் சொன்ன பொய்யெல்லாம் மலை மலையா இருக்கும். இது ஒண்ணு மட்டும்தான் என்னைக் கீழ போட்டு அமுக்குது. அவன் ஜெயிச்ச ஆட்டம் அது. ஒரே ஒரு ராத்திரி பொறுக்கும்னு நெனைச்சு நான் தள்ளிப் போட்டது. பலகையை எடுத்துட்டுப் போங்க. காயை நானே சாக்குல போட்டுத் தரேன். தோத்துட்டேன்னு அவங்கிட்டச் சொல்லத்தான் ஆளு இல்லாம போச்சு.

— காயைக் கலைக்காதீங்கண்ணா.

— பலகை வேணும்னு வந்தீங்களே.

— அன்னைக்கு அவரு வூட்டுக்கு வந்தப்ப செருப்பைக்கூடக் கழட்டல. முறத்தை எடு மேரின்னாரு. எல்லாத்தையும் பரப்பி வெச்சு, பூண்டைத் தாவ வெச்சுக் காட்டினாரு. நாளைக்குப் போயி இதைத்தான் ஆடப் போறீங்களான்னு கேட்டேன். ‘எதுக்கு? ராஜா தலையில விரலைத்தான் வெச்சேன், ராஜப்பன் டீயைக்கூடக் குடிக்காம ஓடிட்டான். சேலத்து ஆட்டத்தையும் சேர்த்து இன்னைக்கே ஜெயிச்சுட்டேன்’னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.

— அப்படியா சொன்னான்?

— அப்புறம் அவரு போயிட்டாரு. ஊரெல்லாம் நீங்கதான் ஜெயிக்க இருந்தீங்கன்னு பேசுது. எனக்கு மட்டும் ராத்திரியும் பகலும் ஒரே கேள்விங்கண்ணா. என் மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சொன்னாரோன்னு.

— தாயி, டிரைவரு ஆரன் அடிக்கிறான்.

— வந்துட்டேனுங்க. பலகை இங்கயே இருக்கட்டுங்கண்ணா, ராஜாவை மட்டும் அவரு வெச்ச எடத்துலயே திருப்பி வெச்சுடுங்க. அன்னைக்கு அவரு சிரிச்சது நெசமான்னு பார்த்துட்டுப் போகத்தான் நான் மாடி ஏறினேன்.