திருப்பிப் போட்ட கவுன்

அம்மா: எல்லா போட்டோவும் இந்தப் பெட்டியிலதான் இருக்கு. உட்காரு, பார்த்துட்டுப் போகலாம்.

மகள்: ஆஸ்பத்திரியில பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பேச்சை மாத்தாதம்மா.

அம்மா: ஒண்ணே ஒண்ணுடி. இதைப் பாரு... யாரு, சொல்லு.

மகள்: நான்தான். மூக்கைப் பார்த்தாலே தெரியுதே. அது சரி, எல்லா போட்டோலயும் ஏன் கவுனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க? தையலெல்லாம் வெளிய தெரியுது.

அம்மா: உங்க அத்தையும் இதையேதான் கேட்டா. துணி தைக்கறவளுக்குப் பெத்த பொண்ணுக்கு நேரா ஒரு கவுன் போடத் தெரியலன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா.

மகள்: அவங்களை விடு. ஏன்னு சொல்லு.

அம்மா: தையல் உரசினா உனக்குத் தோல் உரிஞ்சுடும். பிறந்தப்பவே உடம்பெல்லாம் கொப்புளம். நர்ஸ் உன்னைத் தலையணையில வெச்சுத்தான் எடுத்துட்டு வந்தா. என் கையில குடுக்கவே இல்ல.

மகள்: இதை நீ சொன்னதே இல்லையே... உனக்கு இருக்கே அந்தத் தோல் நோய், அதேதானா?

அம்மா: அதேதான். நீ வயித்துல இருக்கும்போதுதான் எனக்கு ஆரம்பிச்சது. முதல்ல வாயில புண்ணு. அப்புறம் முதுகு, கை. தொட்டா தோல் பிஞ்சு வரும்.

மகள்: அப்போ... அது எனக்குள்ளயும் இருக்குமா?

அம்மா: நானும் அப்படி நினைச்சுத்தான் அழுது தீர்த்தேன். டாக்டர் பொறுமையா உட்கார வெச்சுச் சொன்னார். கிருமி வந்தா பிடிக்கறதுக்கு ஆன்டிபாடி செய்யற செல்லுங்க எல்லார் உடம்புலயும் இருக்காம். என் உடம்புல அதுங்களுக்கு ஆள் அடையாளம் தெரியல. தோலைச் சேர்த்துப் பிடிச்சிருக்கற தையலையே எதிரின்னு நினைச்சு, அதைப் பிரிச்சு விடற ஆன்டிபாடியா செஞ்சு தள்ளுதுங்க.

மகள்: தையல்னா சொன்னார் டாக்டர்?

அம்மா: அவர் பசைன்னார். எனக்குத் தையல்னாதான் மண்டையில ஏறும்.

மகள்: சரி, எனக்கு எப்படி வந்துச்சு?

அம்மா: தொப்புள்கொடி வழியா அந்த ஆன்டிபாடிச் சரக்கு மட்டும் உன்கிட்ட வந்துடுச்சு. அதைச் செய்யற பட்டறை என்கிட்டயே நின்னுடுச்சு. வந்த சரக்கு தீர்ந்ததும் உனக்குத் தானா ஆறிப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்ல.

மகள்: நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பிறந்தா... சும்மாதான் கேக்கறேன்.

அம்மா: பட்டறையே உன்கிட்ட இல்லாதப்போ அதுக்கு எப்படிடி சரக்கு போகும்?

மகள்: ம்...

அம்மா: என்ன, பெருமூச்சு பலமா இருக்கு?

மகள்: மாடி ஏறி வந்தேன்ல. அப்பா அப்போ என்ன பண்ணினார்?

அம்மா: அவர்தான் உன்னைக் குளிப்பாட்டுவார். உள்ளங்கையில தண்ணி எடுத்து ஒழுக விடுவார், தேய்க்க மாட்டார். என் கையெல்லாம் புண்ணு, பக்கத்துல உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். ஆறினப்புறமும் கவுனைத் திருப்பித்தான் போட்டு விடுவார். ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதும்தான் நிறுத்தினார்.

மகள்: ஸ்கூல் போற வரைக்குமா? நல்ல மனுஷன்.

அம்மா: பயம்டி அவருக்கு. அவ்வளவு கஷ்டத்துலயும் அந்த நாள்தான் நல்லா இருந்துச்சுன்னு தோணுது. அவர் இருந்தார். வீடு நிறைஞ்சு இருந்துச்சு... இந்த போட்டோவைப் பாரேன்.

மகள்: பார்க்கறேன். இப்ப நீ எதுக்கு டீயை ஸ்பூன்ல குடிக்கற?

அம்மா: சூடா இருந்துச்சு.

மகள்: ஆறி ஆடை கட்டிக் கிடக்கு. வாயைத் திற, பார்க்கலாம்.

அம்மா: ரெண்டே ரெண்டு புண்ணுதான்டி.

மகள்: முதுகுல துணி ஒட்டியிருக்கறதையும் பார்த்துட்டேன். உன் பட்டறை மறுபடி ஓட ஆரம்பிச்சுடுச்சும்மா. இன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த மருந்தை ஏத்தினா அந்த செல்லுங்க அடங்கும். போன தடவை போட்டதும் எவ்வளவு நாள் நல்லா இருந்த.

அம்மா: நல்லாத்தான் இருந்தேன். ஆனா மருந்தால எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருக்கு, கூட்டத்துக்குப் போகாத, சளி இருக்கறவங்க பக்கத்துல நிக்காதன்னு சொல்லிட்டாங்க. உன் கல்யாணத்தையே போன்லதான் பார்த்தேன். நீ திரும்பித் திரும்பி கேமராவைப் பார்த்துட்டே இருந்த.

மகள்: அதுக்காக இப்படியே உரிஞ்சு போவியா?

அம்மா: மாத்திரை இருக்கு, சமாளிச்சுக்கறேன். அடுத்த வருஷம் போட்டுக்கலாம்.

மகள்: அடுத்த வருஷம் என்ன கணக்கு?

அம்மா: ஒண்ணுமில்ல.

மகள்: அம்மா...

அம்மா: நேத்து வந்ததுலேர்ந்து தையல் மிஷின் எண்ணெய் வாசனைக்கு மூக்கைப் பொத்தற. அந்த மிஷினுக்கு அடியில படுத்துத் தூங்கி வளர்ந்தவ நீ. நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? உன்னைத்தான் பிறந்ததும் கையில வாங்கக் குடுத்து வைக்கல. உன் வயித்துல இருக்கற இதையாவது வாங்கணும். மருந்தைப் போட்டுட்டுக் கதவுக்கு வெளியில நிக்க என்னால ஆகாதுடி.

மகள்: இதைச் சொல்லத்தானே ரெண்டு நாளா உன் முகத்தையே பார்த்துட்டிருக்கேன், குழந்தைக்கும் வந்துடுமோன்னு எனக்கு இருந்த பயத்தை உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல... டாக்டர்கிட்ட என் பிரசவ தேதியைச் சொல்லித்தான் உனக்கு இன்னிக்கு நாள் வாங்கினேன், இப்ப போட்டாத்தான் அதுக்குள்ள உன் கை ஆறும், மாஸ்க் போட்டுட்டுக் குழந்தையை நீயே வாங்கிக்கலாம்னு சொன்னார். கிளம்பும்மா.