ஒம்பது மீட்டர் பட்டம்

அய்யோ, அதத் தூக்காதீங்க, அது பன்னெண்டு சதுர மீட்டருங்க, கடல்ல பலகையோட ஆள இழுத்துட்டுப் போற பட்டம். பெருசப் பாத்ததும் எல்லாத்துக்கும் கை அங்கதான் போகுது. ஒக்காருங்க. ஓமலூர்ல இருந்து இந்த வெயில்ல திருச்செங்கோடு வரைக்கும் பைக்ல வந்திருக்கீங்க, மோரக் குடிச்சுப்போட்டுப் பாக்கலாம். அம்மா சந்தைக்குப் போயிருக்குது.

ஏனுங்க, ஃபாயில்ல நின்னிருக்கீங்களா? பலகைக்கு அடியில ரெக்க வச்ச கம்பம் இருக்குமே, வேகம் புடிச்சா ஆளத் தண்ணிக்கு மேல தூக்கி நிறுத்திப்போடும். நின்னதே இல்லீங்களா? ஆனா குதிக்கறதுக்கு மட்டும் பட்டம் வேணும்! நல்லாருக்குதுங்க. லைசென்ஸ் எடுக்காம போர் போடற ரிக் வண்டி வாங்க வந்தாப்பல.

செரி, கேளுங்க. பலகை தண்ணியில ஒரசாததுனால சும்மா ஓட்டறதுக்குச் சின்னப் பட்டமே போதும். இதா, நடுவுல ஒத்தக் காத்துக் குழாய் வச்சது, லேசான காத்துக்குச் சொகமா இழுக்கும். இத நம்பிக் குதிச்சீங்கன்னா மேல போய்ப் படபடன்னு அடிச்சுட்டு உங்களப் பொத்துன்னு கீழ போட்டுரும். குதிக்க மூணு குழாயாச்சும் வேணும்.

பெருசுதான ஒசரமாத் தூக்கும்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன். ராமேஸ்வரத்துல பேங்க் வேலைங்க எனக்கு. ஆடிக் காத்துல இந்தப் பன்னெண்ட எடுத்துட்டுப் போனேன். தூக்குச்சு பாருங்க, கரையில நின்னவங்க கத்தறாங்க! எறங்கறப்பப் பட்டத்தத் தலைக்கு மேல கொண்டாரணும். அது ஆடி அசைஞ்சு திரும்பறதுக்குள்ள நான் விழுந்துட்டேன். ரெக்க கெண்டைக்கால்ல கிழிச்சுப்போடுச்சு. இங்க பாருங்க தழும்ப. அட, மூஞ்சியத் திருப்பிக்கறீங்க! ஆறிப்போச்சுங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கடல் பக்கமே போகல. அழுதுட்டேதான் மறுபடியும் தண்ணியில எறங்கினேன். இந்த ஒம்பத எடுத்துட்டு. கை சொன்ன பக்கம் சட்டுனு திரும்புச்சு. மேல போனதும் ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லீங்க, கீழ தண்ணி பச்சப்பசேல்னு கெடக்குது. அப்புறம் அலுங்காமக் கொண்டாந்து எறக்கி உட்டுச்சு. தனியா நின்னு சிரிச்சுட்டிருந்தேன், பைத்தியக்காரியாட்டம்.

அப்புறம் ஏன் விக்கறீங்கன்னா? நீங்க கேக்கறதுதாங்க வேடிக்க. எனக்குப் பாத்திருக்கற மாப்பள ஊட்டுல, கண்ணாலத்துக்கப்புறம் பொண்ணு கடலுக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்களாமா. மாப்பளையோட அம்மா. கண்ணாலம் நின்னுருமோன்னு எங்கம்மா செரியாச் சாப்படறதே இல்ல. அதான் ஆன்லைன்ல போட்டேன்.

பொரை ஏறிருச்சா? மெதுவாக் குடிங்க, கலையரசன். போன்ல வேற பேரு சொன்னீங்க, செரி. மாப்பள போட்டோவ எங்கம்மா எனக்குக் காட்டாமயா இருக்கும்? வாசல்ல ஹெல்மெட்டக் கழட்டறப்பவே தெரியும். நெசமாவே விக்கறனான்னு வேவு பாக்க வந்தீங்களாக்கும்?

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க.

வாங்கிட்டுப் போய் ஒளிச்சு வச்சு, கண்ணாலம் முடிஞ்சதும் என்ற கையிலயே குடுக்கறதுக்கா?

இருங்க. கண்ணுல தூசிங்க, ஒண்ணுமில்ல.

பட்டத்துப் பையக் கீழ வைங்க. நான் விக்கல. ஒளிச்சு வச்செல்லாம் நம்மளால காலந்தள்ள முடியாதுங்க. உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். ஆமா, இப்பத்தான். ஓமலூருக்கு வண்டிய எடுங்க, எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்.