இன்னும் ஒரு ரூமு

இல்லல்ல, குனிய வேணாம் தம்பி. வர்றவங்க எல்லாரும் குனிஞ்சுதான் வர்றாங்க. நிலை உங்க தலைக்கு மேல தாராளமா இருக்கு. உக்காருங்க. அவரு சிமெண்ட் எடுக்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. எஞ்சினியர் வந்தா உக்கார வையின்னுதான் சொல்லிட்டுப் போனாரு. டீ குடிங்க. வெட்டுற ரூமை அப்புறம் பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது.

ஜில்லுனு இருக்கா? எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க. அடுத்த கேள்வி, பாம்பு வருமான்னு. பாம்பு வராது தம்பி, ஆடு வரும். வீட்டுக்கு மேல மேட்டுல மேய்ஞ்சுகிட்டே வந்து, அதோ வெளிச்சத்துக்குன்னு வச்சிருக்கோம்ல ஒரு கண்ணாடிக் குழி, அதுல எட்டிப் பாக்கும். ஒரு நாள் துணி மடிச்சிட்டிருக்கேன், யாரோ பாக்குறாப்ல இருக்கேன்னு நிமிந்தா, தாடியோட ஒரு மூஞ்சி. அவரோட அண்ணன்தான் சொல்லாம கொள்ளாம வந்துட்டாரோன்னு நெனச்சுட்டேன்.

ஏன் மண்ணுக்குள்ள கட்டினாருன்னு கேக்குறீங்க. அவரு சுரங்கம் தோண்டுற வேலையில இருந்தவருதான், ரயிலுக்கெல்லாம் தோண்டுவாங்களே, அது. ஆனா அதுக்காக இல்ல. முதல்ல நாங்களும் நாலு பேரை மாதிரி மேலதான் இருந்தோம். இதே மேட்டுல, தகரக் கூரை போட்டு. பொண்ணு அப்ப கைக்குழந்தை. ஒரு மத்தியானம் காத்து அடிச்சுது பாருங்க, டப்பா மூடியைத் தொறந்தாப்ல கூரை அப்படியே எந்திரிச்சுப் போயிடுச்சு. ஒரு கட்டை வந்து தொட்டிலுக்குப் பக்கத்துல தரையில குத்தி நிக்குது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா... பிள்ளை முழிக்கக்கூட இல்ல. அவரு அந்தக் கட்டையையே பாத்துட்டு நின்னாரு. மறுநாள் மேட்டோட வயித்துல கடப்பாறையைப் போட்டுட்டாரு. இனிமே என் பிள்ளை தலைக்கு மேல எதுவும் பறக்கக் கூடாதுன்னாரு.

முதல் மழைக்குச் சுவரெல்லாம் அழுதுச்சு. பாய் தலகாணி எல்லாம் ஈரம். கசிஞ்ச இடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வச்சு ஒவ்வொண்ணா அடைச்சாரு. மேல மண்ணை வாரிட்டு, தார் பூசி, மறுபடி மண்ணைப் போட்டு, சுத்தி வாய்க்கால் வெட்டினாரு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு எறங்கல. குத்தம் சொல்ல முடியாது தம்பி, வேலைன்னா அவரு வேலைதான்.

பொண்ணு பாடுதான் கஷ்டம். ஸ்கூல்ல வீடு வரைங்கன்னா எல்லாப் பிள்ளையும் ஜன்னல், கூரைன்னு வரைஞ்சிருக்கு. இவ ஒரு மேடு, அதுல ஒரு கதவு, அவ்ளோதான். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்ல எதுவும் பிரச்சனையாம்மான்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவளுக்கு வரல. பசங்க பெருச்சாளின்னு பேரு வச்சுட்டாங்கல்ல.

இப்ப அவ எங்க இருக்கான்னு நெனைக்கிறீங்க? டவுன்ல, பெரிய கட்டடத்துல உச்சி மாடி. பாதிச் சுவரு கண்ணாடி. அவரு ஒரே ஒரு தடவை என்கூட அங்க வந்தாரு. வந்ததும் பால்கனிக் கதவைச் சாத்திட்டு நடு ஹால்ல உக்காந்தவரு, கிளம்புற வரைக்கும் அசையல. மாப்பிள்ளை பாவம், டிவியைப் போடுறதா அணைக்கிறதான்னு தெரியாம முழிச்சாரு.

அவ இப்ப முழுகாம இருக்கா தம்பி. அதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தா. சாப்பிட்டுட்டு உள்ள படுத்தவ கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போயி கார்ல படுத்துக்கிட்டா. மூச்சு முட்டுதுப்பான்னா. அவரு அதை எப்படி எடுத்துக்கிட்டாரு தெரியுமா? ரூமு சிறுசா இருக்கு, வெளிச்சம் பத்தலன்னு. அவ்ளோதான், ஆரம்பிச்சுட்டாரு. பேரப்பிள்ளைக்கு ரூமு, வெளிச்சக் குழியும் பெருசா.

போன மாசம் அந்த ரூமு சரிஞ்சுது. போன்ல சொன்னாரா உங்ககிட்ட? சொல்லியிருக்க மாட்டாரு. பெரிய சத்தமெல்லாம் இல்ல, யாரோ மூட்டையை எறக்கினாப்ல ஒரு பொத்துனு சத்தம். ஓடிப் பாத்தா அவரு நெஞ்சு வரைக்கும் மண்ணு. மண்வெட்டியும் அவரோட சேந்து உள்ள போயிடுச்சு. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வாரினேன். அது வளைஞ்சுபோச்சு, அப்புறம் வெறுங்கைதான். இந்த விரலைப் பாருங்க, நகம் இன்னும் மொளைக்கல. அந்த நேரத்துல அவரு என்ன சொன்னாரு தெரியுமா? மெதுவாடி, சுவத்தைக் கீறிடாதன்னாரு.

சிரிங்க தம்பி, பரவால்ல. எனக்கும் இப்ப சிரிப்புதான் வருது.

ரெண்டு நாள் படுத்தாரு. மறுபடியும் கடப்பாறை. கத்திப் பாத்தேன், அழுதும் பாத்தேன், பேசாமக்கூட இருந்து பாத்தேன். செவிடன் காதுல ஊதின சங்குதான். கடைசியில அவரா இவ்ளோதான் எறங்கி வந்தாரு, ஒரு எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன், அவரு கூடாதுன்னா விட்டுடறேன்னு. சொன்ன சொல்லை மீற மாட்டாரு, அது ஒண்ணு இருக்கு அவருகிட்ட.

அதனால போயிப் பாருங்க, தட்டிப் பாருங்க. தூண் குடுத்தா நிக்கும்னு உங்களுக்கே தோணலாம். நிக்கட்டும். ஆனா அவருகிட்ட ஆகாதுன்னு சொல்லிடுங்க. பொய்யான்னா, ஆமா, பொய்தான். உங்க படிப்புக்கு இழுக்குதான், தெரியுது.

இல்ல, மண்ணுக்குப் பயந்து கேக்கல. பயமெல்லாம் எப்பவோ மரத்துப்போச்சு. வர்ற வாரம் நான் பொண்ணுகிட்ட போறேன். பிரசவத்துக்குத் துணைக்கு. பிள்ளை பொறந்ததும் எல்லாருமா இங்க வந்துடுவோம்னு அவரு நெனச்சிட்டிருக்காரு. அவ வர மாட்டா, என்கிட்ட சொல்லிட்டா. நானும் திரும்பி வர்றதா இல்ல தம்பி. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அலுத்துப்போச்சு, அவ்ளோதான்.

அங்க அவருக்கும் சேத்துதான் கட்டில் போட்டிருக்கா. வெட்டுறதுக்கு இங்க ஒரு ரூமு இருந்தா அவரு வர மாட்டாரு. ஒண்டியா வெட்டிட்டிருப்பாரு. சரிஞ்சா வாரி எடுக்க நான் இங்க இல்ல.

அந்தா, வண்டிச் சத்தம் கேக்குது. அவருதான். எந்திரிங்க, அந்தப் பக்கம் போயி சுவத்தைத் தட்டிட்டிருங்க. நாம எதுவும் பேசல.