முன் சீட்டில் விரித்த துண்டு

தலைமை வகிக்கும் யூனியன் தலைவர் செபாஸ்டின் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! இந்த மழையிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! வணக்கம்.

நான் டிரைவர் சென்னியப்பன். பதினாறு வருடம் ஒரே பஸ்ஸில் நான் ஓட்ட, கண்டக்டர் குருசாமி விசில் கொடுத்தார். அவருடைய இந்த இரங்கல் கூட்டத்தில் பேச என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று அழைத்தார்கள். தகுதி உண்டா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது, தோழர்களே.

பயணிகளைக் குருசாமி போல் கவனித்தவர் யார்? பீர்மேட்டு ஏற்றத்தில் குமட்டுகிறவருக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். எந்த கிளார்க்குக்கு எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியும். தேயிலை ஃபாக்டரியை நடத்தும் அதிகாரி, டீமேக்கர் அய்யாவுக்கு என் முதுகுக்குப் பின்னால் முதல் சீட்டு. அவர் ஏறும் வரை அதில் குருசாமியின் துண்டு கிடக்கும். வழக்கமாக வரும் பெரிய மனிதர்களுக்கு எல்லா பஸ்ஸிலும் அதுதான் மரியாதை.

மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம். டீமேக்கர் அன்று வரவில்லை. துண்டு மட்டும் கிடந்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார், பள்ளிக்கூடம் பெருக்கும் சுருளியம்மாள். கால் வீங்கியிருந்தது. உட்கார அவருக்கும் தோன்றவில்லை, உட்காரச் சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு வளைவில் நான் வெட்டித் திருப்பினேன். விழுந்தார். மணிக்கட்டு ஒடிந்தது.

அடுத்த மாதம் கட்டு பிரித்து அவர் மறுபடி வந்த அன்று, முதல் சீட்டில் அவரை உட்கார வைத்தார் குருசாமி. டீமேக்கர் ஏறினார். "ஏம்ப்பா, என் சீட்டு எங்க?"

"அய்யா, நீங்க மாசத்துல பத்து நா வாறீய. இந்தம்மா பதினோரு வருசமா தெனமும் வருது. நம்ம பஸ்ஸுக்குப் பெரிய ஆளு யாருன்னு நீங்களே சொல்லுங்க."

எவ்வளவு பணிவாகச் சொன்னார்! ஆனால், கெட்ட வார்த்தை பேசினான் என்று புகார் போனது. பஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ கேட்டியா?"

"வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க மொதலாளி" என்றேன்.

பிள்ளைகுட்டிக்காரன் நான், பயந்துவிட்டேன். குருசாமியை ஷெட்டில் வண்டி கழுவப் போட்டார்கள். மூன்று வருட ஈரம் நெஞ்சில் இறங்கி அவரைக் கொண்டுபோய்விட்டது. ஒரு நாளாவது என்னை ஏசினாரா? இல்லை! ஒரே முறை கேட்டார்: "நெசமாவே கேக்கலியாண்ணே?" நான் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

கேட்டது, குருசாமி. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இதோ, முதலாளி அனுப்பிய மாலைக்கு முன்னால் நின்று சொல்கிறேன். நாளைக்கு எனக்கும் ஷெட்டுத்தான் என்றால் அப்படியே ஆகட்டும். அவர் தொடங்கியதை என் பஸ்ஸில் நான் தொடர்வேன், இது உறுதி.

தோழர்களே, முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது பாருங்கள். அதில் ஒரு துண்டு. டீமேக்கர் அய்யா வருவார் என்று சாயங்காலம் அதை விரித்ததும் நான்தான். யாரும் சொல்லவில்லை, கை தானாக விரித்துவிட்டது.

சுருளியம்மா, ஏனுங்க அங்க கதவோரத்துல நிக்கறீங்க? முன்னால வாங்க. துண்டை நான் எடுத்துட்டேனுங்க. உக்காருங்க.